பவுனுவுக்கு இன்னும் பசிக்கிறது

பவுனு எங்கள் வீட்டுக்கு வந்தபோது 9 கிலோ இருந்தாள். இப்போது 14 கிலோ. விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிவதில்லை. சொறி பிடித்து வெறும் தோலாக இருந்த முதுகில் செவலை முடி அடர்த்தியாக வந்துவிட்டது. அம்மா வைத்த பெயருக்கு ஏற்ற நிறம் இப்போதுதான் வெளியே தெரிகிறது. ஆனால் சோறு என்று வந்துவிட்டால் அவள் இன்னும் நெடுஞ்சாலை ஓரத்து நாய்தான். குக்கர் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். தட்டு காலியான பிறகும் அதை நக்கி நக்கி வாசல் முழுக்கத் தள்ளிக்கொண்டு போவாள்.

ஓசூரில் இருக்கும் என் தோழி ஒருத்தி தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள். காயம் ஆறிவிட்டது, சோற்று வெறி மட்டும் அடங்கவில்லை என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள். அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலை எங்களுக்கு எட்டும் தூரம்தான். லாரிகள் நிற்கும் ஒரு தாபாவுக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டும் குழியில்தான் பவுனு இருந்தாள். நான் பார்த்த நேரத்தில் சாம்பார் கட்டிய பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். கவரைப் பிரித்துச் சாம்பாரை மட்டும் நக்க அவளுக்கு நேரமில்லை. பிரிப்பதற்குள் பெரிய நாய் வந்து பிடுங்கிக்கொள்ளும். அந்த அவசரம்தான் அவளிடம் இன்றைக்கும் மிச்சம்.

அதிகம் தின்கிற நாயைப் பார்த்தவுடன் 'பட்டினி கிடந்தது, அதான்' என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் கால்நடை மருத்துவர் இதில் ரொம்பக் கண்டிப்பு. நிறையத் தின்றும் உடம்பு தேறவில்லை என்றால் குடற்புழு இருக்கலாம், சர்க்கரை நோய் இருக்கலாம், கணையம் செரிமானச் சாற்றைச் சரியாகச் சுரக்காமல் இருக்கலாம். தின்று தின்று வயிறு பெருத்து, தண்ணீரும் அதிகமாகக் குடித்தால் அது வேறு வியாதி. சொறிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையே பசியைக் கிளப்பிவிடும். தெருவிலிருந்து வருகிற நாய்களில் பலவற்றுக்குச் சொறி இருப்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது. பவுனுவுக்கு மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு இருந்தது. மாத்திரை கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்து அது சரியானது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் தொடக்கத்திலேயே போட்டுவிட்டோம். சோற்றுக்காக உறுமுகிற நாய் இருக்கும் வீட்டில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். பட்டினி கிடந்த நாய்க்குப் பாவம் பார்த்து முதல் நாளே வயிறு முட்டச் சோறு போடக் கூடாது. காய்ந்து கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இறங்கிவிடும். அதில் நாய் செத்தே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து, மெதுவாக அளவைக் கூட்ட வேண்டும். அம்மாவுக்கு அந்த நாட்கள் கஷ்டமாக இருந்தது. "இத்தினியூண்டு சோத்துக்கா கண்ணு அவ இப்படி வாலாட்டுறா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அளந்து வைப்பார்.

புழு போனது, எடை ஏறியது, ரத்தப் பரிசோதனையில் கோளாறு இல்லை. பிறகும் ஏன் இந்தத் தவிப்பு?

1944-45-இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைவயிறாக வைத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுப்பது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள், பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே இருந்தது. சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்த உணர்வே பல வாரம் வரவில்லை. எங்கள் ஆயா கடைசிக் காலம் வரைக்கும் அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்க்காமல் படுக்கப் போனதில்லை. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்த காலத்திலும் அப்படித்தான். பவுனு தட்டைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆயாவின் கைதான் ஞாபகம் வரும்.

லேப்ரடார் நாய்களின் கதை வேறு. எங்கள் ஊரில் லேப் வளர்க்கிறவர்கள் "எங்களுதும் இப்படித்தான் திங்கும்" என்பார்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு போம்சி என்ற மரபணுவில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் வழியில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. அந்த நாய்களுக்கு ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் பசி அதிகம் எடுக்கிறது, ஓய்வாகப் படுத்திருக்கும்போது உடம்பு கலோரியைக் குறைவாகவே எரிக்கிறது என்று அதே குழு 2024-இல் எழுதியது. ஆக, பருத்த லேப்ரடாரைப் பார்த்து 'பேராசை பிடித்த நாய்' என்று திட்டுவது அநியாயம். பவுனு நாட்டு நாய். அவளுக்கு உடம்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, சோறு மறுபடி வரும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

நான் செய்வதெல்லாம் அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான். அவள் கேட்கிறபோதெல்லாம் போட்டால் நம்பிக்கை வராது, கேட்டால்தான் கிடைக்கும் என்ற பாடம்தான் மனதில் பதியும். திட்டினால் பயம் கூடும். சோறு தானாக வரும், தினமும் வரும், வந்ததை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்பது அவளுக்கே தெரிய வேண்டும். அது சொல்லிப் புரிவதில்லை, நாள்பட நடந்து காட்டினால்தான் புரியும்.

காலையில் அம்மா மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தவுடன் பவுனுவுக்குச் சோறு. சாயங்காலம் விளக்கு வைத்தவுடன் சோறு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பிசகாமல் வைக்கத் தேவையில்லை. அதற்கு முன்னால் நடக்கும் வேலை தினமும் ஒன்றாக இருந்தால் போதும். பால் கேன் திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை அவள் இப்போது திண்ணைக்குக் கீழே படுத்திருக்கிறாள். முன்பெல்லாம் விடியற்காலையிலிருந்தே கதவைப் பிறாண்டுவாள்.

தொடங்குவதற்கு அடையாளம் இருப்பது போல முடிவதற்கும் ஒன்று வேண்டும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. சோறு முடிந்ததும் நான் அவள் முன்னால் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி "ஆயிடுச்சு" என்பேன். தட்டைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்து வைப்பேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஒரு பருக்கை கூடப் போடுவதில்லை. தொடக்கத்தில் கையை மோந்து மோந்து பார்த்து, விரல் இடுக்கெல்லாம் நக்கிச் சோதிப்பாள். பிறகு கையைப் பார்த்தவுடன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்ப் படுக்கப் பழகினாள். ஒரே ஒரு ஆள் ஒளித்து ஒரு துண்டு கொடுத்தால்கூட இது குலைந்துவிடும். அதனால் நாய்க்குப் பழக்கியதைவிட அண்ணனுக்குப் பழக்கியதில்தான் எனக்கு வேலை அதிகம்.

தட்டில் போட்டால் அவள் மெல்லுவதே இல்லை, வழித்து விழுங்கிவிடுவாள். விழுங்கியதை வாந்தி எடுத்து அதையும் தின்பாள். கடையில் உள்ளே மேடு பள்ளமாக இருக்கும் தட்டு விற்கிறது, நல்ல பொருள்தான். எங்களிடம் மாமரம் இருக்கிறது. மரத்தடியில் கூட்டிக் குவித்த மாஞ்சருகைச் சாக்கில் பரப்பி, அதற்குள் ராகிக் களியைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிப் போட்டுவிடுவேன். மூக்கைச் சருகுக்குள் விட்டு, உஸ் உஸ் என்று மோந்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாள். தட்டில் நொடியில் மறைகிற சோறு சருகுக்குள் ரொம்ப நேரம் வரும். மோந்து தேடுவது நாய்க்கு மனசை அமைதிப்படுத்தும் வேலை. முடித்துவிட்டு வரும்போது அவள் முகமே வேறாக இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும், சருகைக் கொட்டும் முன் தேள், பூரான் இருக்கிறதா என்று கிளறிப் பார்க்காமல் நான் பரப்புவதில்லை.

களி எங்கள் பக்கத்து உணவு, நாய்க்கும் அது காலங்காலமாகப் பழக்கம். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் களி மட்டும் போட்டு வளர்த்தால் போதாது, நாய்க்குப் புரதம் வேண்டும். களியோடு அவித்த முட்டை, சாயங்காலம் சோற்றோடு வேகவைத்த கோழிக்கறி. வயிறு நிறைந்த மாதிரி இருக்கப் பூசணிக்காயும் பீன்ஸும் அவித்துப் பிசைந்து சேர்ப்போம். கலோரி ஏறாமல் தட்டு நிறையும். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் மிச்சமான சாம்பார் சாதம் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

தட்டருகே உறுமுவதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது. அண்ணன் மகன் சின்னப் பையன். "அத்தை, அவ பல்லக் காட்டுறா" என்று ஓடி வந்தான். தட்டுக்குள் கை விட்டுப் பழக்கு, சோற்றைப் பாதியில் எடுத்து எடுத்து வை, யார் எஜமான் என்று தெரியட்டும் என்று ஊரில் பலர் யோசனை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிற நாயிடம் பிடுங்கிக் காட்டினால் அவள் பயந்தது சரி என்றுதானே ஆகும்? உறுமுகிற நாயை அடிக்கவும் கூடாது. உறுமல் அவள் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்தால் எச்சரிக்கை நின்றுபோகும், பயம் நிற்காது. அடுத்த முறை சத்தமில்லாமல் நேராகக் கடிதான்.

அவள் சாப்பிடும்போது நான் எட்ட நின்று, தட்டைப் பார்க்காமல், நகம் அளவு அவித்த ஈரல் துண்டு ஒன்றை அவள் பக்கம் எறிந்துவிட்டு அப்படியே நடந்து போய்விடுவேன். உடம்பு விறைக்காத தூரம் எது என்று பார்த்து அங்கிருந்தே எறிய வேண்டும். நாள் போகப் போக அந்தத் தூரம் தானாகக் குறைந்தது. ஒரு நாள் நான் வருவதைப் பார்த்துச் சாப்பிடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாள். காது பின்னால் படிந்திருந்தது, வால் நுனி மட்டும் மெல்ல ஆடியது. ஆள் வந்தால் தட்டில் குறையாது, கூடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பையனை மட்டும் இன்றைக்கும் தட்டுப் பக்கம் விடுவதில்லை. குழந்தை விஷயத்தில் நம்பிக்கை என்று ஒன்றும் கிடையாது, நடுவில் கேட் இருக்க வேண்டும். ஈரலையும் அளவோடுதான் கொடுக்க வேண்டும், அதிகமானால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும்.

வீட்டைச் சரிக்கட்டிய பிறகு தெரு இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு இல்லாத வீடு ஏது? பக்கத்து வீட்டு அவ்வா தெலுங்கில்தான் பவுனுவிடம் பேசுவார், பேசும்போதே கை நிப்பட்டு டப்பாவுக்குப் போய்விடும். எண்ணெய்ப் பலகாரம், உப்பு, காரம், சில சமயம் வெங்காயம். தேய்பிறை அஷ்டமி வந்தால் பிஸ்கட். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காயில் விளக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள், பைரவர் வாகனத்துக்கு என்று பாக்கெட்டோடு நம் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். இந்த ஊரில் எத்தனையோ தெருநாய்கள் உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கருத்தடை செய்த 14 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி போதும். 50 கிராம் பிஸ்கட் பாக்கெட்டில் 200-க்கு மேல் இருக்கிறது. ஒரு பாக்கெட் தின்றாலே ஒரு நாள் சோற்றில் கால் பங்கு போயிற்று, அதுவும் மைதாவும் சர்க்கரையும். அதனால் வாசலில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அவளுடைய அன்றைய கறியில் இருந்தே எடுத்து வேகவைத்த துண்டுகள் அதில் இருக்கும். "அவ்வா, இதைக் கொடுங்க, பைரவருக்குப் பிஸ்கட்டை விடக் கறி பிடிக்கும்" என்று கையில் கொடுத்துவிடுவேன். கொடுத்த திருப்தி அவருக்கும் கிடைக்கிறது. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் எனக்குத் தெரியாமல் கொடுத்திருப்பார்கள்.

எடை சரியாக இருக்கிறதா என்று தெரிய எங்கள் மருத்துவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். விலாவைத் தடவிப் பாருங்கள். மடக்கிய விரல் முட்டியைத் தொடுவது போல் இருந்தால் நாய் மெலிவு. விரித்த உள்ளங்கையைத் தடவுவது போல் மெத்தென்று இருந்தால் பருமன். கையை விரித்துப் புறங்கையைத் தடவும்போது எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, அந்த அளவுக்கு இருந்தால் சரி.

இனி சொல்லப் போவது எங்கள் மாவட்டத்தில் நாய் வளர்க்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இப்போது புளிக் காலம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தெருவுக்கு நான்கு வீட்டிலாவது புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும். எங்கள் அம்மாவும் செய்கிறார். திண்ணையில் புளி மலையாகக் குவிந்திருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம், எதனால் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பின் விஷக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள் அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். புளியிலும் அதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். சாதாரண நாய் புளியை மோந்துவிட்டுப் போய்விடலாம். பவுனு மாதிரி எதையும் விழுங்கும் நாய்க்குப் புளி உருண்டையும் சோறுதான். அதனால் அம்மா வேலை செய்யும் நேரத்தில் அவள் கொல்லைப்புறம், நடுக்கதவு தாழ்ப்பாள். கோதையும் கொட்டையையும் அன்றன்றைக்கே அள்ளிவிடுவோம். உங்கள் நாய் புளி தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

புளி முடிந்தால் மாம்பழம். ஊருக்கே திருவிழா, எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். செந்தூரா, பங்கனப்பள்ளி, பெங்களூரா என்று வரிசையாக விழும். மண்டிக்குப் போகிற டிராக்டரிலிருந்து உருண்டு விழுவது வேறு. பழச் சதை கொஞ்சம் தின்றால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. கொட்டைதான் எமன். எங்கள் மருத்துவர் ஒரு முறை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாங்கொட்டையை எடுத்துக் காட்டினார். வேறொரு நாயின் குடலிலிருந்து அறுத்து எடுத்தது. நார் எல்லாம் கருத்து, ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் உள்ளங்கையில் வைத்தபோது சின்னதாகத்தான் இருந்தது. குடலின் அகலத்தை நினைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். அடைத்துக்கொண்டால் தொடர்ந்து வாந்தி, சோறு இறங்காது, மலம் போகாது, வயிற்றைத் தொட விடாது. எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷன் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டும், குடல் அதுவரை காத்திருக்காது. சோளம் தின்றுவிட்டுப் போடும் கட்டையும் இதே ஆபத்துதான்.

தோப்பு வழியாகப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வழி கிடையாது. அதனால் பவுனுவுக்கு வாய்க்கூடு பழக்கிக்கொண்டிருக்கிறோம். களத்தில் போரடிக்கும் மாட்டுக்குக் கயிற்றில் பின்னிக் கட்டுவார்களே, அதே வேலைதான் இதற்கும். நாய்க்குக் கூடை மாதிரி பிளாஸ்டிக்கில் வருகிறது. வாயை இறுக்கிச் சுற்றும் துணிப் பட்டையை வாங்காதீர்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைக் கட்டினால் மயங்கி விழுந்துவிடும். கூடைக்குள் வாயைத் திறக்க முடிய வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும்.

முதலில் கூடையை மாட்டவே இல்லை. உள்ளே கோழித் துண்டு வைத்து நீட்டினோம், அவளே மூக்கை விட்டு எடுத்தாள். பிறகு கூடை இடுக்கு வழியாகத் துண்டுகளை ஊட்டிக்கொண்டே நிற்க, மூக்கை உள்ளே வைத்தபடி அவளும் நின்றாள். வார் மாட்டியது அதற்குப் பிறகுதான். சோற்று ஆசை அவளுக்கு இவ்வளவு இருப்பதால் இந்தப் பாடம் வேகமாக ஏறுகிறது, மற்ற நாய்களுக்கு இன்னும் பொறுமை வேண்டியிருக்கும். இப்போது மாட்டிக்கொண்டு தோப்பு வேலி வரைக்கும் நடக்கிறாள். மரத்தில் பூ நிற்கிறது. பிஞ்சு பிடித்து உதிரத் தொடங்குவதற்குள் தோப்புக்கு உள்ளேயும் நடத்திப் பழக்கிவிட வேண்டும்.